இத்தாலியின் உதினேயிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா?

இங்கே குளிர் வந்துவிட்டது. வடக்கே மலையெல்லாம் வெள்ளை. மக்காச்சோள மாவில் பொலெந்தா என்று கிண்டுகிறார்கள், நம்ம கம்பங்களிக்குத் தம்பி. பசிக்குக் குறையில்லை.

என் வீட்டுக்காரத் தாத்தாவைப் பற்றிச் சொல்லணும். உங்கள் ஆள்தான், லாரிக்காரர். அந்தக் காலத்தில் இங்கே பையன்கள் கட்டாயம் பட்டாளத்துக்குப் போகணும். 2005-இல்தான் அதை நிறுத்தினார்கள். இவர் போய்ச் சேர்ந்தது யூலியா மலைப்படையின் லாஜிஸ்டிக் பட்டாலியன். 1975-இல் இத்தாலிய ராணுவத்தை மாற்றியமைத்தபோது சப்ளை, லாரி, ஒர்க்‌ஷாப் என்று பிரிந்து கிடந்தவற்றை ஒன்றாக்கி உருவாக்கியது. ரொட்டி, டீசல், தோட்டா, டயர் எல்லாம் முன்னால் இருப்பவனுக்குப் போய்ச் சேரணும், அதுதான் வேலை. பதக்கம் வாங்குவது என்னவோ முன்னால் இருப்பவன்தான்.

மறு வருஷம் மே 6, ராத்திரி ஒன்பது மணிக்கு நிலநடுக்கம். ஏறத்தாழ ஆயிரம் பேர் செத்தார்கள். ஜெமோனா என்ற ஊரில் மலைப்படையின் குடியிருப்பே சரிந்து 29 சிப்பாய்கள் போனார்கள். சொந்த ஆட்களைத் தோண்டியெடுத்த கையோடு ஊர் சனத்துக்குக் கூடாரமும் தண்ணீரும் ஏற்றிப் போனதாகத் தாத்தா சொல்கிறார். அதைச் சொல்லும்போதும் எந்தப் பாலம் தாங்கியது, எந்த ரோடு பிளந்தது என்றுதான் பேச்சு. செப்டம்பரில் மறுபடி ஆடியதும் பல்லாயிரம் பேரைக் கடற்கரை ஓட்டல்களுக்குக் கொண்டுபோய்க் குளிர்காலத்தைக் கழிக்க வைத்திருக்கிறார்கள். நான் படிக்கிற பல்கலைக்கழகமும் அப்போது வந்ததுதான். ஊரைத் திரும்பக் கட்டும்போதே சனங்கள் கையெழுத்துத் திரட்டிக் கேட்டு வாங்கினார்களாம், 1978-இல் தொடங்கியது.

துப்பாக்கி பற்றித் தாத்தா வாயே திறப்பதில்லை. கியர், பிரேக், அப்புறம் கோவேறு கழுதை. ரோடு முடிகிற இடத்தில் சுமை அதன் முதுகுக்கு மாறுமாம். 1993-இல் பெல்லூனோ என்ற ஊரில் பட்டாளத்தின் கடைசிக் கோவேறு கழுதைகளை ஏலம் விட்டபோது, கறிக்குப் போய்விடக் கூடாதென்று பழைய மலைப்படைக்காரர் ஒருவர் பலவற்றை வாங்கிக்கொண்டார். அதில் ஈரோசோ என்ற ஒன்று 40 வயது வரை இருந்து 2019-இல்தான் செத்தது.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு என்றேன். லோடு வண்டியை எந்த கியரில் இறக்குவீர்கள் என்று கேட்கச் சொன்னார். அடுத்த போனில் சொல்லுங்கள். நம்ம வண்டி போட்டோ ஒன்றும் அனுப்புங்கள், முன்பக்கம் தெரிகிற மாதிரி.

அன்புடன்,
உங்கள் மகன்