தங்கைக்கு: மகனை ஒப்புக்கொடுப்பது பற்றி

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

"மகன் சபைக்கு வருவதையே விட்டுவிட்டான். அவனைக் கர்த்தர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டேன் அக்கா, ஆனால் ஆமென் சொன்ன கையோடு பயம் வந்துவிடுகிறது. எனக்கு விசுவாசம் இல்லையோ?" என்று கேட்டிருந்தாய்.

அப்படி நினைக்காதே. யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தில் மோசேயின் தாயைப் பார். எபிரெய ஆண்பிள்ளைகளை நதியில் போடச் சொன்ன எகிப்தின் ராஜா பார்வோனின் கட்டளைக்குத் தப்புவிக்க, பிள்ளையை மூன்று மாதம் ஒளித்து வைத்தாள். அதற்குமேல் முடியாமல் போனபோது ஒரு நாணற்பெட்டியை எடுத்து, தண்ணீர் புகாதபடி பிசினும் கீலும் பூசி, பிள்ளையை அதில் கிடத்தி, நதியோர நாணலுக்குள் வைத்தாள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று பூசாத பெட்டியில் வைத்துவிட்டுப் போகவில்லை. தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். ஆனால் அந்தப் பெட்டி யார் கண்ணில் படும் என்பது அவள் கையில் இல்லை. பார்வோனின் மகளே வந்து எடுப்பாள் என்று எந்தத் தாயால் திட்டம் போட முடியும்? நீயும் அவனுக்குப் புத்தி சொல், கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டி. அவன் மனம் எப்போது திரும்பும் என்பதை மட்டும் கர்த்தரிடம் விட்டுவிடு. ஆபிரகாமின் மனைவி சாராளோ, தேவன் வாக்குக்கொடுத்த பிள்ளைக்காகக் காத்திருக்க முடியாமல் தன் அடிமைப்பெண் ஆகாரை அவருக்கு மனைவியாகக் கொடுத்தாள். ஆகாரின் மகன் இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது, சாராளுக்கே ஈசாக்கு பிறந்தபோது 100. அவசரத்தில் எடுத்த அந்த முடிவுக்காக அந்த வீட்டில் எல்லாரும் வேதனைப்பட்டார்கள், ஆகார்தான் அதிகம் வேதனைப்பட்டாள்.

பயம் திரும்பத் திரும்ப வருகிறதே என்கிறாய். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில், இந்தப் பாடுகளின் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கட்டும், ஆனாலும் உம்முடைய சித்தப்படியே ஆகட்டும் என்று ஜெபித்த இயேசுவே, அதே வார்த்தைகளைச் சொல்லி மூன்றாந்தரமும் ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். அவருக்கே அப்படியென்றால், நாளைக் காலையில் நீ மறுபடியும் ஒப்புக்கொடுக்க வேண்டி வருவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஒப்புக்கொடுத்தால் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இயேசுவை விட்டு அந்தப் பாத்திரம் நீங்கவில்லை. அப்போஸ்தலன் பவுல் தன் மாம்சத்தில் இருக்கிற முள் என்று சொன்ன வேதனையும் எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. உன் மகன் விஷயத்தில் என்ன நடக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நீ அவனை ஒப்படைக்கிற கைகளில் ஆணித் தழும்பு இருக்கிறது. வேதனை தெரியாத ஒருவரிடம் பிள்ளையை விடச் சொன்னால் நானும் சம்மதிக்கமாட்டேன்.

இன்று ராத்திரி அவன் போன் பண்ணினால், சபைக்குப் போனாயா என்று ஆரம்பிக்காதே. சாப்பிட்டாயா என்று கேள், அவன் பேசுவதைக் கேள். நானும் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா