கொலுசு பதிந்த கால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

என் மனைவிக்குச் சினைப்பைப் புற்றுநோய். மூன்றாவது கீமோ முடிந்து லால்குடி திரும்பிய நாலாம் நாள் இடது கால் மட்டும் வீங்கியது. கொலுசு கணுக்காலில் பதிந்துபோய், சோப்புப் போட்டுத்தான் கழற்றினேன். மருந்துச் சூட்டில் நீர் கோத்திருக்கிறது என்று நானே முடிவு செய்து, இரண்டு நாள் நல்லெண்ணெய் தடவி நீவியும் விட்டேன். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தொடைவரை ரத்தம் உறைந்திருந்தது. "நீவினீங்களா?" என்று டாக்டர் கேட்டார். எனக்கு வாயே வரவில்லை. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆளே போய்விடுவாராம்.

முன்கூட்டியே தெரிய வழியில்லையா என்றேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம் அவர் கணக்குப் போட்டார். வயிறு, கணையம் என்றால் 2 மதிப்பெண். நுரையீரல், சினைப்பை என்றால் 1. முதல் கீமோவுக்கு முன் ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தால் 1. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு கூடினாலும், வெள்ளணு கூடினாலும் தலா 1. உடல் பருமன் குறியீடு (BMI) 35-ஐத் தொட்டால் இன்னொரு 1. இவளுக்கு ரத்தம் 9.4, ஆக 2 வந்தது. 2 வந்தாலே ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தரலாமா என்று யோசிக்க வேண்டுமாம். சிகிச்சை தொடங்கிய இடத்தில் இந்தக் கணக்கை யாரும் போடவில்லை. புற்றுநோய்க்கும் ரத்த உறைவுக்கும் உள்ள உறவைப் பாரிஸ் டாக்டர் துருசோ 1865-லேயே சொல்லிவிட்டாராம்!

என் ஆதங்கம் அதோடு நிற்கவில்லை. அந்தக் கணக்கு 2008-இல் அமெரிக்க நோயாளிகளை வைத்து வந்தது. 46 கிலோ இருக்கும் என் மனைவியைப் பருமன் 35 என்ற வரி எந்தக் காலத்தில் பிடிக்கும்? நம் பக்கம் மலிந்து கிடக்கும் வாய்ப் புற்றுநோய்க்கு அதில் மதிப்பெண்ணே கிடையாது. பயந்துகொண்டு எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துவிடவும் முடியாது; கீமோவில் தட்டணு இறங்கும் நேரத்தில் ரத்தக்கசிவு வந்தால் அது வேறு வினை. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு வேண்டாம் என்பதை நம் நோயாளிகளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சென்னையில் 1980-களிலிருந்து புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. அதுபோல உறைவுக்கும் ஒன்று வேண்டும். கீமோ நாளில் எடை பார்த்து எழுதும் நர்ஸம்மா, "ஒரு கால் மட்டும் வீங்குதா?" என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். ஆராய்ச்சிக்காரர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
லால்குடி