பீரோவில் இருந்த சீட்டு

கோயம்புத்தூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பிரசவத்துக்குப் பதிவு செய்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள் என்றாயே. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் தொந்தரவு வந்ததுண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டதாகவும் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. முதலில் அந்த டிக்கை மாற்றச் சொல். போனில் சொன்னால் பதறிப்போவாய், அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் தெலுங்கு பேசினாலும் நமக்கு எழுத வருவது தமிழ்தானே.

உன் அப்பாவுக்கு, நம் நானாவுக்கு, குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது உனக்கு நாலு வயசு. முக்கால் மணி நேரத்தில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஆனால் அவருக்கு மூச்சு தானாக வரவில்லை. கதவு ஒருமுறை திறந்தபோது பார்த்தேன். மயக்க மருந்து டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கறுப்பு ரப்பர் பையை அமுக்கிக்கொண்டே இருந்தார். அமுக்கினால் நானாவின் மார்பு ஏறும், விட்டால் இறங்கும். ஐந்து மணி நேரம் கழித்துத்தான் விரல் அசைந்தது.

மறுநாள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்த டாக்டரிடம் சண்டைக்குப் போனோம். மருந்தை அதிகமாகக் கொடுத்துவிட்டீர்கள் என்று நானும் கத்தினேன். அவர் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. டிஸ்சார்ஜ் அன்று ஒரு சீட்டு கொடுத்தார்: 'ஸ்கோலின் கொடுக்கக் கூடாது. ரத்த உறவினர்களையும் பரிசோதிக்கவும்.' கோபத்தில் அதை நான்காக மடித்து பீரோவில் நகைப் பெட்டிக்கு அடியில் போட்டேன். இருபத்தெட்டு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நொதிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவள், அந்தச் சீட்டை மட்டும் எடுத்துப் படிக்கவில்லை.

ஸ்கோலின் என்பது சக்சினைல்கோலின். தொண்டைக்குள் குழாய் போடுவதற்காகத் தசைகளை ஒரு நிமிஷத்துக்குள் தளர்த்திவிடும் மருந்து. மூச்சு விடும் தசையும் அதில் சேர்த்தி. மற்றவர்களுக்கு ஐந்து, பத்து நிமிஷத்தில் வேகம் தணிந்துவிடும். காரணம், கல்லீரல் செய்து ரத்தத்தில் விடும் பியூட்டிரைல்கோலினெஸ்டிரேஸ் என்ற நொதி. ஊசியில் போகும் மருந்தில் பெரும்பகுதியைத் தசைக்குப் போய்ச் சேரும் முன்பே ரத்தத்திலேயே அது உடைத்துவிடுகிறது. டாக்டர் கொடுக்கும் அளவே அந்த உடைப்பைக் கணக்கில் வைத்துத்தான். நொதி இல்லாதவருக்கு அதே அளவு மணிக்கணக்கில் நிற்கும். நானாவுக்கு மருந்து அதிகமாகவில்லை, பாப்பா. அவர் ரத்தத்தில் அதை உடைக்க ஆள் இல்லை.

இந்த நொதிக்கான மரபணு, பிசிஎச்இ, மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது. நம் ஆரிய வைசிய சமூகத்தில் இந்தக் குறை மற்றவர்களைவிட மிக அதிகம். நம் ஊர் பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் காரணத்தைக் காட்டினார்கள். அந்த நொதியின் புரதச் சங்கிலியில் 307-வது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், நம்மவர்களில் சிலருக்கு அங்கே புரோலின் இருக்கிறது. புரோலின் வளைந்து கொடுக்காத அமினோ அமிலம் என்று வகுப்பில் சொல்லுவேன். அது வந்து உட்கார்ந்ததும் நொதி மிகச் சொற்பமாகத்தான் உண்டாகிறது, உண்டாகும் கொஞ்சமும் வேலை செய்வதில்லை. ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருகி, தலைமுறை தலைமுறையாக நமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தோம். அந்த ஒரு எழுத்துப் பிழையும் கூடவே வந்துவிட்டது. நானும் நானாவைச் சொந்தத்துக்குள், மேனரிகத்தில்தானே கட்டினேன்.

போன மாதம் நாங்கள் இருவரும் கோலினெஸ்டிரேஸ் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம். நானாவுக்கு அளவு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எனக்குப் பாதி. அப்படியென்றால் நானாவிடம் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பிழை, என்னிடம் ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நானாவிடமிருந்து ஒரு பிழைப் பிரதி உனக்கு நிச்சயம் வந்திருக்கும். என்னிடமிருந்தும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

பயப்படாதே. நொதியே இல்லாமல் நானா இத்தனை வருஷம் கடையையும் பார்த்து, தினம் நாலு கிலோமீட்டர் நடக்கவும் செய்கிறார். நரம்புக்கும் தசைக்கும் நடுவே அன்றாட வேலையைச் செய்வது அசெட்டைல்கோலினெஸ்டிரேஸ் என்ற வேறொரு நொதி. அதற்கு ஒரு குறையும் இல்லை. சிக்கல் ஸ்கோலின், மிவாகூரியம் போன்ற சில மருந்துகளில் மட்டும்தான். பூச்சிமருந்துப் பக்கமும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இரு, அந்த விஷத்தைப் பிடித்து வைப்பதும் இதே நொதிதான்.

சிசேரியன் வந்தாலும் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டுச் செய்துவிடுவார்கள். அவசரமாக முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால்தான் ஸ்கோலினை எடுப்பார்கள். முன்கூட்டித் தெரிந்தால் அதற்குப் பதில் ரோகுரோனியம் என்ற மருந்து இருக்கிறது, அதைத் திருப்புவதற்கும் மருந்து இருக்கிறது. இந்த வாரமே ரத்தம் கொடுத்துவிடு. கர்ப்பத்தில் இந்த நொதி எல்லோருக்குமே கொஞ்சம் குறையும். அதனால் ரிசல்ட் இரண்டுங்கெட்டானாக வந்தால் மரபணுப் பரிசோதனை கேள். மாப்பிள்ளையிடமும் சொல்லி வை. பிரசவ அறைக்குள் உன் சார்பில் பேசப்போவது அவர்தான்.

நேற்று அந்த டாக்டரைத் தேடிப் போனேன். ரிடையர் ஆகி மகன் வீட்டுக்குப் போய்விட்டாராம். நர்ஸ் ஒருத்தி விலாசம் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். கிடைத்ததும் அவருக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

சீட்டை இதனுடன் வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது, பார்த்துப் பிரி. போட்டோ எடுத்து உன் போனிலும் மாப்பிள்ளை போனிலும் வைத்துக்கொண்டு, அசலைப் பிரசவ ஃபைலில் முதல் பக்கமாக ஒட்டிவிடு.

அம்மா