தடா வரை போக இந்தியா முழுமைக்கும் பர்மிட்டா?

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். மாதவரத்தில் இரண்டு லாரி வைத்துப் பிழைப்பவன் எழுதும் மடல் இது. கொல்கத்தாவுக்கும் கவுகாத்திக்கும் ஓடுகிற பெரிய வண்டிக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, எடுத்துப் பேச ஆளும் இருக்கிறார்கள். காலையில் கும்மிடிப்பூண்டியில் லோடு ஏற்றி, ஆந்திரத்தில் இருக்கும் தடாவிலோ ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையிலோ இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும் லாரிகளுக்காக நான் எழுதுகிறேன்.

இந்த ஓட்டத்தின் நடுவே மாநில எல்லை வந்த கதை உங்களுக்குத் தெரியும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நமக்கு வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடுப் பகுதி ஆந்திரத்துக்குப் போனது. இன்று ஸ்ரீசிட்டி நிற்பது அந்தப் பக்கத்தில்தான். அங்கே ஆலை வைத்தவர்கள் சென்னைத் துறைமுகத்தையும் எண்ணூரையும் கணக்கில் வைத்துத்தான் வந்தார்கள். சரக்கு ஒரே வட்டாரத்துக்குள் சுற்றுகிறது. தமிழ்நாட்டுப் பர்மிட் மட்டும் எல்லையோர ஆரம்பாக்கத்தோடு நின்றுவிடுகிறது.

எல்லையைத் தாண்ட, இந்தியா முழுவதும் செல்லுபடியாகும் நேஷனல் பர்மிட் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருங்கிணைந்த கட்டணம் 16,500 ரூபாய், அங்கீகாரக் கட்டணம் 1,000 ரூபாய். 2010இல் இந்த முறை வந்தபோது எல்லோரையும் போல நானும் மகிழ்ந்தேன். அதற்கு முன்பு மாநிலத்துக்கு 5,000 ரூபாய் வீதம் தனித்தனியாக டிராஃப்ட் எடுத்து அலைந்தோம். தொலைதூர வண்டிக்கு இது நல்ல ஏற்பாடு என்பதை இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் தடாவுக்குப் போகிறவனும் காஷ்மீருக்குப் போகிறவனும் ஒரே தொகை கட்டுவது எந்த ஊர் நியாயம்? அந்தப் பர்மிட்டை வைத்து ஆந்திரத்துக்குள்ளேயே ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கவும் முடியாது. ஸ்ரீசிட்டியில் வண்டி காலியானால், நெல்லூருக்கு லோடு இருக்கிறது என்று கூப்பிட்டாலும் வெறும் வண்டியாகத்தான் திரும்ப வேண்டும்.

பணத்தையாவது எப்படியோ புரட்டிவிடலாம். வயதுக் கட்டுப்பாட்டை என்ன செய்வது? மத்திய மோட்டார் வாகன விதி 88இன்படி 12 ஆண்டு முடிந்த லாரிக்கு நேஷனல் பர்மிட் கிடையாது; பல அச்சு வண்டிக்கு மட்டும் 15 ஆண்டு. தொலைதூர ஓட்டத்துக்கு அது சரி. வழக்கமாக லாரிக்காரன் புது வண்டியை வடக்கே அனுப்புவான். வண்டிக்கு வயதானதும் பக்கத்து ஊர் லோடுக்குத் திருப்பிவிடுவான். பக்கத்து ஊர் இன்னொரு மாநிலத்தில் இருப்பதால், வண்டி எதற்குத் தகுதியோ அந்த ஓட்டமே அதற்கு மறுக்கப்படுகிறது. எட்டு ஆண்டு கடந்த வண்டியை ஆண்டுதோறும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் கொண்டுவந்து காட்டுகிறோம். உங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துத் தேறியது என்று கையெழுத்திட்ட வண்டி ஆரம்பாக்கம் வரை ஓடலாம், அடுத்த சில கிலோமீட்டருக்கு ஆகாது என்கிறது சட்டம்.

அதனால் என்ன நடக்கிறது தெரியுமா? என்னுடைய பழைய லாரி அட்டைப்பெட்டிக் கட்டுகளோடு ஆரம்பாக்கம் வரை போகிறது. சாலையோரத்தில் தார்ப்பாயை அவிழ்த்து, பின்கதவோடு பின்கதவு ஒட்டி நிறுத்திய ஆந்திரப் பதிவு வண்டிக்குக் கட்டு கட்டாகக் கைமாற்றுகிறார்கள். இரண்டு வண்டிக்கு வாடகை, இரண்டு முறை ஏற்றுகூலி. சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லில் வண்டி எண்ணை மாற்ற வேண்டும். தூறல் விழுந்தால் அட்டை ஊறிப்போகும். அந்த நஷ்டமும் என் தலையில்தான். தற்காலிகப் பர்மிட் எடுக்கலாமே என்பீர்கள். எப்போதாவது போகிற வண்டிக்குச் சரி, தினமும் போகிற வண்டிக்குக் கட்டுப்படியாகாது.

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பர்மிட்டே தேவையில்லை. ஆகவே சில ஆலைகள் ஒரு லாரி லோடை நான்கைந்து குட்டி யானைகளில் பிரித்து அனுப்புகின்றன. ஒரு லாரி போன இடத்தில் ஐந்து வண்டி புகை விடுகிறது. பழைய லாரியை ஒதுக்கிச் சுற்றுச்சூழலுக்குக் கண்ட பலன் இதுதான்.

பர்மிட் இல்லாமலே ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. பிடிபட்டால் பத்தாயிரம் அபராதம், சிறையும் உண்டு. விபத்து நடந்தால் அதைவிட மோசம்: பர்மிட் இல்லாத வண்டி என்றால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரே விபத்தில் வீடு வாசல் போய்விடும்.

நான் கேட்பது ஒன்றுதான். அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆம் பிரிவு, இரு மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒரு மாநிலப் பர்மிட்டுக்கு மற்ற மாநிலம் மேலொப்பம் இட வழி தருகிறது. டெல்லியைச் சுற்றியுள்ள மாநிலங்கள் பயணிகள் வண்டிகளுக்கு அப்படித்தான் ஒப்பந்தம் போட்டு, ஒரே இடத்தில் வரி கட்டும் ஏற்பாட்டைச் செய்திருக்கின்றன. எங்கள் வட்டாரத்தில் மேலொப்பம் வாங்கி லாரி ஓட்டும் ஒருவரையும் நான் கண்டதில்லை. சென்னை, திருவள்ளூர், திருப்பதி, நெல்லூர் மாவட்டங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் ஓர் எல்லைப்புறப் பர்மிட்டுக்கு ஆந்திரத்தோடு பேசுங்கள். கட்டணம் தூரத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும், எஃப்.சி. இருக்கும்வரை பழைய லாரிக்கும் கிடைக்கட்டும். இணையத்தில் விண்ணப்பிக்க முடிந்தால் புரோக்கர் செலவும் மிச்சம்.

ஆந்திர அதிகாரிகளோடு பேருந்து வழித்தடங்களைப் பேச அடுத்து நீங்கள் உட்காரும்போது இதையும் சேர்த்து வையுங்கள். எல்லையில் சரக்கு மாற்றும் செலவுக்கு நான் வைத்திருக்கும் கூலிச் சீட்டுகளும் இ-வே பில் நகல்களும் தேவைப்பட்டால் சொல்லியனுப்புங்கள், நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
மாதவரத்திலிருந்து ஒரு லாரி உரிமையாளர்