வளர்ந்த அளவைச் சொல்லி விற்பனை செய்யுங்கள்: கடல் மீன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அலங்காரக் கடல் மீன் விற்கும் கடைக்காரர்களுக்கும், அவர்களுக்கு மீன் தருவித்துக் கொடுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும்,

வணக்கம். வீட்டில் கடல் மீன் வளர்ப்பவன் நான். உங்கள் கடைகளில் மணிக்கணக்காக நின்று வேடிக்கை பார்ப்பவன். அந்த உரிமையில் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்: நாலடித் தொட்டியில் வாழ முடியாத மீனை நாலடித் தொட்டி வைத்திருப்பவருக்கு விற்காதீர்கள்.

எந்த மீன்களைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு, தலையைக் கீழே சாய்த்தபடி மிதந்து வரும் பாந்தர் குரூப்பர் குட்டி இரண்டு மூன்று அங்குலம்தான் இருக்கும். பார்த்தவர் கையில் பணம் இருந்தால் வாங்காமல் போக மாட்டார். ஆனால் அது களவா மீன். 70 சென்டிமீட்டர் வரை வளரும். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட பாரைக் குட்டி, கடலில் சுறாக்களையும் பெரிய மீன்களையும் ஒட்டியே நீந்தித் திரியும் இனம். வளர்ந்தால் மூன்றடியைத் தாண்டும். க்ளவுன் டிரிக்கர் என்று நீங்கள் விற்கும் கிளாத்தி அரை மீட்டர். எம்பரர் ஏஞ்சல் 40 சென்டிமீட்டர். நாலடித் தொட்டிக்கு முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை பெரும்பாலும் ஒன்றரை அடிதான் இருக்கும், அதாவது 45 சென்டிமீட்டர். அதிலும் பாதியைப் பாறை அடைத்துக்கொள்ளும். இந்த மீன்கள் அதற்குள் எப்படித் திரும்பும்?

நீளத்தை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது. பாம்பு போல நீண்ட ஸ்னோஃப்ளேக் அஞ்சாலை மீன் இரண்டடிக்கு மேல் வளரும், ஆனாலும் பாறை இடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நாளின் பெரும்பகுதி கிடக்கும். ப்ளூ டேங் அதில் பாதி நீளம்தான், சுமார் 30 சென்டிமீட்டர். ஆனால் அது நீந்தியே வாழும் மீன். கடலில் பவளப் பாறைக்கு மேலே கூட்டமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நாலடித் தொட்டியில் வளர்ந்த டேங் ஒன்றைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வலது மூலைக்குப் போகும், கண்ணாடியில் மூக்கு இடிக்கும் முன் உடம்பை மடக்கித் திரும்பும், இடது மூலைக்கு வரும், மறுபடி மடக்கும். அதே உயரம், அதே வளைவு. இரண்டு முறை வாலை வீசினால் கண்ணாடி வந்துவிடுகிறது. முழு வேகத்தில் ஒரு தடவைகூட அதனால் நீந்த முடியாது.

“நல்லாச் சாப்பிடுதே, அப்புறம் என்ன?” என்று கேட்பீர்கள். நெருக்கடியில் இருக்கும் மீனும் சாப்பிடும். சாப்பிடுவதிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மீனின் நீளம் இரட்டித்தால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். மூன்று அங்குலத்தில் போன குட்டி ஒரு அடி ஆனால் சுமார் 64 மடங்கு. தீனியும் கழிவும் அதே மடங்கில் ஏறாவிட்டாலும் பல மடங்கு ஏறத்தான் செய்யும். தண்ணீர் மட்டும் அதே 200 லிட்டர். ஒரே வெப்பநிலையில் நன்னீரைவிடக் கடல் நீரில் கரையும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடல் நீரின் பிஎச் (காரத்தன்மையைக் காட்டும் அளவு) எட்டுக்கு மேல் இருப்பதால், கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நஞ்சும் கூடுதல். இப்படிச் சோர்ந்த மீனைத்தான் வெள்ளைப் புள்ளி நோய் எளிதில் பிடிக்கிறது. டேங் வகை மீன்களுக்கு அது எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய ஸ்கிம்மர் (கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் கருவி) போட்டால் போதும் என்பார்கள். ஸ்கிம்மர் தண்ணீரைச் சுத்தம் செய்யும், தொட்டியை நீட்டாது. தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும் என்று இன்னமும் சில கடைகளில் சொல்கிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். வளர்ச்சி நின்றுபோன மீன் நலம் கெட்ட மீன்.

பிறகு பெரிய தொட்டி வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. மஞ்சள் டேங் கடலில் 40 வருடம் வரை வாழக்கூடியது. அத்தனை காலத்துக்கான பொறுப்பை, வரப்போகும் ஒரு தொட்டியை நம்பி ஒருவர் தலையில் கட்டுகிறோம். அந்தத் தொட்டி பெரும்பாலும் வருவதில்லை. வளர்ந்த மீனைத் திருப்பிக் கொடுக்க வந்தால் நீங்கள் வாங்கிக்கொள்வீர்களா? மீன் காட்சியகங்களிலும் இடம் கிடைப்பது அரிது. சிலர் கடலில் விட்டுவிடுகிறார்கள். இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்த லயன்ஃபிஷ் 1985-இல் ஃப்ளோரிடா கரையோரம் தென்பட்டு, பின்னர் கரீபியன் முழுக்கப் பரவி, அங்குள்ள சிறு மீன்களை அழித்துக்கொண்டிருப்பதற்கு வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே காரணமாகக் கருதப்படுகின்றன.

வாடிக்கையாளர் கேட்கிறார், நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவார் என்பது உண்மைதான். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஆனால் புதிதாக வருகிறவருக்கு இந்த மீன்தான் வேண்டும் என்று எந்தப் பிடிவாதமும் இருப்பதில்லை. அழகாக, உயிர்ப்பாக ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு வாட்ச்மேன் கோபி என்ற சிறு மீனையும் பிஸ்டல் இறாலையும் ஜோடியாகக் காட்டுங்கள். இறால் மணலில் வளை தோண்டும். அதற்குக் கண் பார்வை மோசம். வெளியே வரும்போதெல்லாம் உணர்கொம்பில் ஒன்றை கோபியின் மேல் வைத்தபடியே மண்ணைத் தள்ளும். ஆபத்து தெரிந்தால் கோபி வாலைச் சிலுப்பும், மறுகணம் இரண்டும் வளைக்குள். இந்த வாழ்க்கைக்கு ஒரு சிறு மணல்பரப்பு போதும், கடலிலும்கூட. க்ளவுன் மீனும் அப்படித்தான், தான் ஒண்டி வாழும் கடல் சாமந்தியை (அனிமோன்) விட்டு அதிக தூரம் போவதில்லை. ராயல் கிராமா, பங்காய் கார்டினல் மீன்கள் எல்லாம் மூன்று, மூன்றரை அங்குலத்தோடு சரி.

பெரிய மீன் யாருமே வளர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எட்டடித் தொட்டியைப் பொறுமையாகப் பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் டேங் நன்றாகவே வாழ்கிறது. அவர்களுக்கு விற்றுக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு கண்ணாடியிலும் விலைக்குப் பக்கத்தில், அதே பெரிய எழுத்தில், வளர்ந்த நீளத்தையும் தேவைப்படும் தொட்டி அளவையும் எழுதுங்கள். பையில் மீனைப் பிடிப்பதற்கு முன் தொட்டி எத்தனை அடி, வேறு என்ன மீன் இருக்கிறது என்று கேளுங்கள். பாரை, பாந்தர் குரூப்பர், பவளப் பாறைச் சுறா இந்த மூன்றும் சாதாரண வீட்டுத் தொட்டி எதற்கும் ஆகாதவை. யாராவது முன்கூட்டியே சொல்லி வைத்தால் தவிர, அடுத்த முறை மொத்த வியாபாரிக்குப் பட்டியல் அனுப்பும்போது அவற்றை எழுதாமல் விடுங்கள்.

அன்புடன்,
கடல் மீன் வளர்ப்பவன்