பெகு இலவச மருந்தகத்தில் மனநல சிகிச்சை: நன்கொடை வேண்டுகோள்

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

2023 அக்டோபரில் பர்மாவின் பெகு (பாகோ) நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. மறு வருஷம் செப்டம்பரில் யாகி புயலின் மழை நாட்டின் பல பகுதிகளை மறுபடியும் வெள்ளக்காடாக்கியது. அரிசி, போர்வை, குடிதண்ணீர் என்று அப்போதெல்லாம் கேட்குமுன்னே கொடுத்தீர்கள். இம்முறை நாங்கள் கேட்பது மாத்திரைக்கும், ஒரு பலகைத் தடுப்புக்கும், ஒரு டாக்டரின் வழிச்செலவுக்கும்.

வெள்ளம் வடிந்தபின் மருந்தகத்துக்கு வருகிறவர் "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைவலி, நெஞ்சு படபடப்பு, விடிய விடியத் தூக்கமில்லை என்றுதான் வருகிறார். பிரஷர் பார்த்து, சத்து ஊசி போட்டு அனுப்பினால் அடுத்த வாரம் அதே தலைவலியோடு திரும்புவார். தனியாக மனநல முகாம் போட்டாலோ, நாலு பேர் பார்ப்பார்களே என்று அந்தப் பந்தல் பக்கமே யாரும் தலைகாட்டுவதில்லை. வந்தாலும், முகாம் கலைந்தபிறகு மாத்திரைக்கு எங்கே போவது? அதனால் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் நிற்கிற அதே வரிசையில், அதே சீட்டில் இதையும் பார்க்கப் போகிறோம். இலங்கையில் 2004 சுனாமிக்குப் பிறகு மனநல சேவை முன்பில்லாத மாவட்டங்களுக்கும் பரவியது இப்படி ஊர் மட்டத்தில் வேரூன்றியதால்தான்.

பிரஷர் பார்க்கும் இடத்திலேயே இரண்டு கேள்வி: கடந்த இரண்டு வாரமாக மனம் சோர்ந்து கிடக்கிறதா? எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா? ஆமென்றால் தடுப்புக்குப் பின்னால் தனியாகப் பேச்சு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்றும் நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அதை அப்புறப்படுத்தவும் சொல்ல வேண்டும். பாட்டிமார் தமிழில்தான் மனம் திறப்பார்கள், நர்ஸுக்குத் தெரிந்ததோ பர்மிய மொழி. கூட வந்த மருமகள் மொழிபெயர்த்தால் பாதி உண்மை உள்ளேயே நின்றுவிடும். ஆகவே தமிழ் பேசும் பெண் தொண்டர்களுக்குப் பயிற்சி தருகிறோம்.

இழவு வீட்டின் அழுகை நோயல்ல. அதற்கு டயாசிபாம் போன்ற தூக்க மாத்திரை கொடுக்கக் கூடாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கேட்டு வந்தாலும் தரமாட்டோம். வேலைவெட்டி பார்க்க முடியாத அளவுக்குச் சோர்வு நீடித்தால்தான் சிகிச்சை. முதலில் பயிற்சி பெற்ற தொண்டரோடு வாரம் ஒன்றாக ஐந்து அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். தேவைப்பட்டால் டாக்டர் எழுதும் ஃபுளுவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை. அது பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். "கேட்கவில்லை" என்று இரண்டாம் வாரமே நிறுத்திவிடுபவர்கள் அதிகம், அதனால் அந்த வாரத்தில் தொண்டர் வீட்டுக்கே போய் விசாரிப்பார்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது காக்காய்வலிப்புக்காரர்கள். வலிப்பைத் தடுக்கும் பினோபார்பிடோன் மாத்திரை வெள்ளத்தோடு போய்விட்டால், திடீரென்று நின்ற மருந்தே விடாத வலிப்பைக் கொண்டுவந்து உயிரைப் பறிக்கலாம். அதனால் மூன்று மாதக் கையிருப்பு வேண்டும்: 25 பேருக்கு, தினம் ஒன்று வீதம், 60 மில்லிகிராம் மாத்திரை 2,250. மனச்சோர்வுக்கு 40 பேருக்கு 20 மில்லிகிராம் ஃபுளுவாக்ஸெடின் 3,600. வைக்க, வெள்ளக்கோட்டுக்கு மேலே சுவரில் அடித்த பூட்டு அலமாரி. நோயாளி கையில், மருந்தும் அளவும் இருமொழியில் எழுதி பிளாஸ்டிக் உறையிட்ட அட்டை.

மாதம் ஒருமுறை ரங்கூனிலிருந்து மனநல டாக்டர் வந்து சீட்டுகளைத் தொண்டர்களோடு உட்கார்ந்து பார்ப்பார். 50 மைல்தான். ஆனால் நன்கொடையாளர்கள் முதலில் வெட்டச் சொல்வது இந்தச் செலவைத்தான். வெட்டமாட்டோம். பயிற்சியோடு விட்டுவிட்டால் எல்லாரும் பழையபடி சத்து ஊசிக்கே திரும்பிவிடுவார்கள்.

பூசாரிகளோடும் பேசியிருக்கிறோம். மந்திரிப்பதை யாரும் நிறுத்த வேண்டாம், மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள் என்பது மட்டுமே எங்கள் கோரிக்கை.

மருந்து விலை வாரத்துக்கு வாரம் ஏறுவதால் தொகை குறிப்பிடவில்லை. "ஒரு நோயாளிக்கு மூன்று மாதம்" என்று எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைய விலையைச் சொல்கிறோம். வெளிநாட்டிலிருந்து மாத்திரையைப் பெட்டியில் கொண்டுவர வேண்டாம். பினோபார்பிடோன் கட்டுப்பாட்டிலுள்ள மருந்து, பணமாகவே கொடுங்கள். மே நடுவில் மழை பிடித்துவிடும், ஏப்ரலுக்குள் கையிருப்பு சேர வேண்டும். ரசீது உண்டு, வரவுசெலவு ஏட்டை யாரும் எப்போதும் பார்க்கலாம். நோயாளிகளின் பெயரேட்டை மட்டும், எவ்வளவு கொடுத்தவரானாலும், கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
மருந்தகக் குழுவினர்