ரேர் எர்த்னா காந்தம் மட்டும் தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஏப்ரல்ல சீனா டெர்பியம், டிஸ்ப்ரோசியம்னு ஏழு தனிமங்களோட ஏற்றுமதிக்கு கட்டுப்பாடு போட்டதுல இருந்து உங்க பேப்பர்லயும் ரேர் எர்த், அதாவது அரிய மண் தனிமங்கள் பத்தி அடிக்கடி செய்தி வருது, சந்தோஷம். ஆனா எல்லாமே காந்தம், எலக்ட்ரிக் கார் மோட்டார், இல்லன்னா இந்த தனிமங்கள் கலந்து கிடக்கற எங்க மணவாளக்குறிச்சி கடற்கரை மணல், இதோட முடிஞ்சிடுது. இந்த தனிமங்கள் ஒளி விடும்ங்கறதையும் ஒரு தடவை எழுதுங்க.

நான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்கறேன். எங்க லேப்ல யூரோப்பியம்ங்கற ரேர் எர்த்தோட ஒரு காம்ப்ளெக்ஸ் (உலோக அயனியைச் சுத்தி மத்த மூலக்கூறுங்க ஒட்டின சேர்மம்) இருக்கு, பாத்தா வெறும் வெள்ளைப் பவுடர், ரூபாய் நோட்டு செக் பண்ற யூவி லைட்டைக் காட்டினா போதும், சட்டுனு செக்கச்செவேல்னு ஜொலிக்கும், பசங்க லைட்டை அணைக்கவே விடமாட்டாங்க. யூரோப்பியம் அயனி தனியா இருந்தா ஒளியை ரொம்ப கம்மியாதான் உறிஞ்சும், அதனால அதைச் சுத்தி ஒரு ஆர்கானிக் மூலக்கூறைக் கட்டிவிடறாங்க, அது யூவியை வாங்கி எனர்ஜியை உள்ள இருக்கற அயனிக்கு கடத்திடும். 1942லயே வைஸ்மன்ங்கற விஞ்ஞானி கண்டுபிடிச்சது, ஆன்டெனா எஃபெக்ட்னு சொல்லுவோம்.

தொல்லை குடுக்கறது தண்ணி தான். அயனில ஒட்டற தண்ணி மூலக்கூறோட ஓ-ஹெச் பிணைப்பு அதிர்ந்து அதிர்ந்தே எனர்ஜியை காலி பண்ணிடும். சாதாரண தண்ணில யூரோப்பியத்தோட ஒளிக்கு ஆயுசு சுமார் 0.1 மில்லி செகண்ட், கனநீர்ல (ஹைட்ரஜனுக்குப் பதிலா அதோட கனமான வகை டியூட்டிரியம் இருக்கற தண்ணி) அதுவே 4 மில்லி செகண்ட் கிட்ட போகும். இந்த ரெண்டையும் ஒப்பிட்டே அயனில எத்தனை தண்ணி மூலக்கூறு ஒட்டியிருக்குன்னு எண்ணிடலாம், கெமிஸ்ட்ரில எனக்கு ரொம்பப் புடிச்ச கணக்கு இதுதான். 1987ல நோபல் வாங்குன ஸ்ட்ராஸ்பர்க் விஞ்ஞானி ழான்-மரி லேன் குழு, பைபிரிடின்ங்கற ஆர்கானிக் பொருளை வெச்சு கூண்டு மாதிரி ஒரு மூலக்கூறு செஞ்சு யூரோப்பியத்தை அதுக்குள்ள உக்கார வெச்சாங்க, தண்ணி நெருங்கறது நல்லாவே குறைஞ்சுது. சூப்ராமாலிகுலர் கெமிஸ்ட்ரினா (ஒரு மூலக்கூறு இன்னொண்ணைப் பிடிச்சு வெச்சுக்கறதைப் படிக்கற துறை) என்னன்னு யாராவது கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன்.

இதெல்லாம் எதுக்குன்னு கேப்பாங்க. பொறந்த குழந்தையோட குதிகால்ல குத்தி ஃபில்டர் பேப்பர்ல ஒரு பொட்டு ரத்தம் எடுக்கறாங்க இல்லையா, அதுல டிஎஸ்ஹெச்ங்கற தைராய்டைத் தூண்டற ஹார்மோனை அளக்கறதுக்கு ஃபின்லாந்து துர்க்கு நகரத்துல உருவான டெல்ஃபியா முறை யூரோப்பியத்தை நம்பித்தான் நிக்குது. சாம்பிள்ல இருக்கற மத்த பொருளுங்களும் ஒளிரும், ஆனா நானோ செகண்ட்ல அணைஞ்சிடும், யூரோப்பியம் மட்டும் விடாம ஒளிரும், அதனால ஃப்ளாஷ் அடிச்சு 400 மைக்ரோ செகண்ட் பொறுத்து அளந்தா இரைச்சல் எல்லாம் போய் நமக்கு வேண்டிய சிக்னல் மட்டும் மிஞ்சும். தைராய்டு குறையை சீக்கிரம் கண்டுபிடிச்சு மாத்திரை குடுத்துட்டா அந்தக் குழந்தை மத்த குழந்தைங்க மாதிரியே வளரும், விட்டுட்டா மூளை வளர்ச்சியே பாதிக்கும். இது காந்தத்தை விட சின்ன விஷயமா சார்?

ஞாயிறு இணைப்புல ஒரு பக்கம் ஒதுக்குங்க, கூடவே குழந்தை மருத்துவர் ஒருத்தர்கிட்டயும் பேசிப் போடுங்க. போட்டோ வேணும்னா எங்க லேப்லயே வந்து எடுத்துக்கலாம்.

இப்படிக்கு,
கெமிஸ்ட்ரி பேராசிரியை,
நாகர்கோவில்